டிஸ்க்கைத் தோட்டத்து பிளான் போலப் பார்ப்பது: வின்டிர்ஸ்டாட், நெடுநாள் பயன்பாட்டில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துக் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் 4 டிபி டிஸ்க் நிரம்ப ஒரு தை மாதமும் ஒரு ஆவணியும் போதும். எது இடத்தை அடைக்கிறது என்று கோப்புறை கோப்புறையாகத் திறந்து பார்த்தால் பொழுதுதான் போகும். இலவசமாகக் கிடைக்கும் வின்டிர்ஸ்டாட் என்ற விண்டோஸ் நிரல் அதை ஒரே படமாகக் காட்டிவிடுகிறது.

தோட்டத்து ஆபீஸ் சுவரில் மாட்டிய பிளானில் பால்மரம், செம்பனை, தொழிலாளர் குடியிருக்கும் லயம், கோயில் எல்லாம் அதனதன் ஏக்கருக்கு ஏற்ற இடம் பிடித்திருக்கும். வின்டிர்ஸ்டாட் காட்டும் கட்டங்கட்டமான படமும் அப்படித்தான்; அதற்கு டிரீமேப் என்று பெயர். கோப்பின் அளவுதான் கட்டத்தின் பரப்பு. கோப்பு வகைதான் நிறம். 1990இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் பென் ஷ்னைடர்மன் இதை யோசித்ததே, 14 பேர் பங்குபோட்ட 80 எம்பி டிஸ்க் நிரம்பிப்போனதால்தான். அவருடைய முதல் முறையில் கட்டங்கள் நூல்நூலாக நீண்டுவிடும். சதுரத்துக்கு நெருக்கமாக அடுக்கும் முறை 2000இல் நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து வந்த பிறகுதான் கண்ணுக்கு நிம்மதி.

வின்டிர்ஸ்டாட்டை நிர்வாகி உரிமையோடு திறக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் பூட்டிவைத்த கோப்புறைகள் கணக்கில் வராமல், டிஸ்க் காட்டும் அளவுக்கும் படத்துக்கும் இடிக்கும். சி டிரைவில் பெரிய திட்டு தெரிந்தால் முதலில் வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் தன் வேலைக்காகச் சேர்த்துவைக்கும் மீடியா கேஷைச் சந்தேகியுங்கள்: சி.எஃப்.ஏ., பி.இ.கே. கோப்புகள். பிரீமியரின் அமைப்புகளிலிருந்தே அழிக்கலாம். அடுத்த முறை புராஜெக்டைத் திறக்கும்போது மறுபடி உருவாகிக்கொள்ளும், கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். பென் டிரைவில் மட்டும் நிதானம் தேவை. அங்கே அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது.

வின்டிர்ஸ்டாட்டின் பெரிய குறை சிறு கோப்புகள். 1920×1080 திரை முழுவதையும் 4 டிபிக்குக் கொடுத்தாலும் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 1.9 எம்பி. படத்துக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் பாதித் திரை. ஆகவே 300 கேபி ஸ்கேன் கண்ணில் படவே படாது. அந்தப் பெரிய பிளானில் கோயில் ஒரு புள்ளி, அதுபோல. கோப்புறையைச் சொடுக்கி ஜூம் செய்தால்தான் தெரியும். பழைய பதிப்புகளில் பெயர் சொல்லித் தேடவும் வழி இல்லை.

லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் பவோபாப் நிரல் காட்டும் வளையங்கள் அழகு. ஆனால் ஒரே அளவுக் கோப்புறை வெளி வளையத்தில் இருந்தால் பெரிதாகத் தெரிந்து ஏமாற்றும்.

வேகம்தான் முக்கியம் என்றால் விண்டோஸுக்கான இன்னொரு நிரல், விஸ்ட்ரீ. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் உள்ள டிஸ்க்கின் கோப்பு அட்டவணையை நேராகப் படிப்பதால் சட்டென்று முடிக்கும். வெளி டிஸ்க் எக்ஸ்ஃபேட் என்ற வேறு அமைப்பில் இருந்தால் அந்த அட்டவணையே கிடையாது. எல்லாரையும் போல அதுவும் கோப்புறை கோப்புறையாக நடந்துதான் போக வேண்டும்.