கண்ணாடிப் பாசி: சுற்றியது, இழுத்தது, அச்சில் அழுத்தியது

கோவை பெரிய கடை வீதிப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரானாலும் சரி, தேர்க்கடையானாலும் சரி, எந்தக் கண்ணாடிப் பாசியைக் கேட்டாலும் "ஹேண்ட்மேடுங்க" என்றுதான் எடுத்துப் போடுவார்கள். அந்தக் குவியலில் மூன்று வகை கலந்து கிடக்கும். உழைப்பு வேறு, விலை வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு. நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் துளையைப் பாருங்கள்.

கண்ணாடிக் குச்சியைத் தீச்சுடரில் உருக்கி, களிமண் பூசிய கம்பியில் ஒவ்வொன்றாகச் சுற்றி எடுப்பது ஒரு வகை. உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகர் இதற்குப் பேர்போன ஊர். உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடாக்கி முனையை மழுக்குவது இன்னொன்று. அரிக்கமேட்டில் கிடைத்த குட்டிப் பாசிகள் இந்த வகைதான். மூன்றாவது, சூடான கண்ணாடியை அச்சில் வைத்து அழுத்துவது. செக் நாட்டில் இதுவே பெருந்தொழில். அச்சுப் பாசி மட்டம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் சுற்றுப் பாசியின் விலை கொடுத்து அதை வாங்குவது நஷ்டம்.

பிரித்தறிய நகைக்கடையில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸும் போன் டார்ச்சும் போதும். உள்ளே இருக்கும் குமிழியும் நிறக்கோடும் துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால் இழுத்த பாசி. துளையைச் சுற்றி வளைந்து ஓடினால் சுற்றிய பாசி. வயிற்றில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடினால் அச்சுப் பாசி.

நல்ல சுற்றுப் பாசியின் இரண்டு வாயும் உள்வாங்கிக் குழிந்திருக்கும். கம்பியில் பிடித்த அகலத்துக்குத் தேவையான கண்ணாடி ஏறாவிட்டால் வாய் கூராக நின்றுவிடும். அது நூலை அறுக்கும். பருத்தி நூலைத் துளையில் விட்டு முன்னும் பின்னும் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். பிசிறு கிளம்பினால் வேண்டாம். துளைக்குள் வெள்ளைப் பொடி இருந்தால் களிமண்ணைச் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். வியர்வை பட்டால் அது குழைந்து நூலில் ஏறும். இழுத்த பாசியில் நறுக்கிய முனை சரியாக மழுங்காமல் போவதுண்டு. திருப்பூரில் துணியில் தைக்க வாங்குபவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். இரண்டு சலவையில் நூல் அறுந்து பாசி கொட்டிவிடும்.

அடுத்தது, கண்ணில் படாத குறை: ஆறவைத்த விதம். சுடரிலிருந்து எடுத்த பாசியின் மேற்புறம் முதலில் இறுகும், உட்புறம் பிறகுதான் இறுகும். அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். சாதாரண சோடாக் கண்ணாடியை 500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூளையில் நிறுத்தி, பிறகு மெல்ல மெல்ல ஆறவிட்டால்தான் அது தீரும். பெரிய பாசியைச் சாம்பலில் புதைத்து ஆறவிடுவது போதாது. வாங்கும்போது பளபளப்பாகத்தான் இருக்கும். சில வாரம் கழித்துத் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். மெல்லிய இழுத்த பாசிக்கு இந்தத் தொல்லை குறைவு.

சோதிக்க வழி உண்டு. லேப்டாப்பின் எல்சிடி திரையை வெறும் வெள்ளையாக வைத்து, போலரைஸ்டு கூலிங்கிளாஸை அதன் முன் பிடித்து, திரை இருளும்வரை திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவில் பாசியைக் காட்டினால், இறுக்கம் தங்கிய இடம் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். இரண்டு நிறம் சேரும் ஓரத்தில் மட்டும் வெளுத்தால், விரிவடையும் அளவு ஒத்துவராத கண்ணாடிகளைச் சேர்த்திருக்கிறார்கள். சூளையில் வைத்தாலும் அது சரியாகாது. பாசியின் மேல் அழகுக்கு வைத்த புடைத்த புள்ளிகளையும் நகத்தால் நெம்பிப் பாருங்கள்; அடி ஒட்டாமல் மேலே உட்கார்ந்திருக்கும் புள்ளி தெறித்துவிடும்.

நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் மேற்பூச்சு நிறம் பஞ்சில் இறங்கும். எடையும் பொய் சொல்லாது: 10 மில்லிமீட்டர் உருண்டைப் பாசி, 16 அங்குலச் சரத்துக்கு 40 வரும், கண்ணாடியென்றால் ஏறக்குறைய 50 கிராம். அதில் பாதிதான் நின்றால் பிளாஸ்டிக்.

ஈரோட்டுப் பக்கம் அகழாய்வில் வெளிவந்த பழைய ஊரான கொடுமணலின் காலத்திலிருந்து கல்மணி அறுத்த கொங்குச் சீமை இது என்பதால், கல் என்று சொல்லிக் கண்ணாடியை விற்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'செர்ரி குவார்ட்ஸ்' என்று வருவது கண்ணாடிதான். உருண்டைக் குமிழி தெரிந்தால் கல் இல்லை.

தினமும் போடும் மாலைக்கு இழுத்த பாசியோ அச்சுப் பாசியோ எடுங்கள். விலையும் குறைவு, உழைக்கவும் செய்யும். நடுவில் தொங்கும் ஒற்றைப் பாசிக்குச் சுற்றியதுதான் அழகு, அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 12 மில்லிமீட்டருக்கு மேல் போனால், சூளையில் ஆறவைத்ததா என்று கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால், மேலே சொன்ன திரைச் சோதனையில் தேறும் ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள், சரமாக வாங்க வேண்டாம்.