ஸாபிக்ஸ்: கருவி நல்லது, அதோடு வரும் எண்களை அப்படியே விடாதீர்கள்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பில்லிங் சர்வர், ஒரு பேக்கப் மெஷின், வெளியே கிளவுடில் ஒரு வெப்சைட். இவற்றைக் கண்காணித்து, ஏதாவது எல்லை தாண்டினால் மெசேஜ் அனுப்பும் மென்பொருள்தான் ஸாபிக்ஸ்; இந்த அளவு ஆபீசுக்குத் தாராளம். லைசென்ஸ் காசு கிடையாது, 2 கோர், 4 ஜிபி ரேம் இருந்தால் ஓடிவிடும். எதை அளப்பது, எந்த எண்ணில் கத்துவது என்று முன்கூட்டியே எழுதிவைத்த லினக்ஸ் டெம்ப்ளேட்டை மாட்டிய கொஞ்ச நேரத்திலேயே கிராஃப் வரும். அதோடு வரும் எல்லை எண்களைத்தான் யாரும் தொடுவதில்லை. டெலிகிராமில் மெசேஜ் கொட்டும், இரண்டாவது வாரம் குரூப்பை மியூட் பண்ணிவிடுவார்கள்.

ராத்திரி 2 மணிக்கு மெசேஜ் வந்தால் எழுந்து என்ன செய்வீர்கள்? பதில் இல்லாத எண் கிராஃபில் இருந்தால் போதும்.

சிபியு 90 சதவீதத்தை 5 நிமிடம் தாண்டினால் டெம்ப்ளேட் கத்தும். பேக்கப்பைச் சுருக்கும் நேரத்தில் அது தினமும் நடக்கும், தப்பே இல்லை. 15 நிமிடமாக்குங்கள், அல்லது அந்த நேரத்துக்கு மெயின்டனன்ஸ் (எச்சரிக்கையை நிறுத்திவைப்பது) போடுங்கள். லோடு (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் எண்ணிக்கை) ஏறியும் சிபியு சும்மா இருந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் வேலைகளையும் லினக்ஸ் லோடில் சேர்த்துத்தான் எண்ணுகிறது. ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) பாதி நிறைந்தாலே வரும் எச்சரிக்கையை அணைத்துவிடலாம். டேட்டா ரேமுக்கும் ஸ்வாப்புக்கும் தொடர்ந்து போய்வந்தால்தான் கவலை.

டிஸ்க்கில் 80, 90 என்ற சதவீதம் ஏமாற்றும். 100 ஜிபியில் 90 என்றால் மிச்சம் 10 ஜிபி, 4 டிபியில் 400 ஜிபி. இரண்டுக்கும் ஒரே அவசரமா? எவ்வளவு மிச்சம், இந்த வேகத்தில் எத்தனை மணி நேரத்தில் நிறையும் என்று சேர்த்துப் பாருங்கள். அதற்கு டைம்லெஃப்ட் ஃபங்ஷன் உண்டு. 24 மணி நேரத்துக்குள் நிறையும் என்றால் போனில், ஒரு வாரம் என்றால் மெயிலில். 90-இல் அடித்தது 85-க்குக் கீழே வந்தால்தான் அடங்கும்படி மீட்பு நிபந்தனையும் எழுதுங்கள். இல்லையென்றால் 89, 91 என்று ஆடி உயிரை எடுக்கும்.

பிங் (சர்வரைத் தொட்டுத் திரும்ப ஆகும் நேரம்) 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் எச்சரிக்கை என்பது டெம்ப்ளேட் கணக்கு. மும்பை சர்வருக்குச் சரி. அமெரிக்காவில் வாங்கிய மலிவு விபிஎஸ் (வாடகை சர்வர்) இங்கிருந்து எப்போதும் அதற்கு மேல்தான், ஒரு தப்பும் இல்லாமலே சிவப்பாக நிற்கும். அந்த ஹோஸ்டுக்கு (சர்வருக்கு) மட்டும் மேக்ரோவை, அதாவது எல்லை எண்ணை வைத்திருக்கும் இடத்தை, 0.35 (செகண்ட்) ஆக்குங்கள். டெம்ப்ளேட்டில் மாற்றினால் அடுத்த முறை புது டெம்ப்ளேட்டை இம்போர்ட் செய்யும்போது அழிந்துபோகும்.

டெம்ப்ளேட்டில் இல்லாததும் நம் மாவட்டத்துக்கு அவசியமானதும் கரண்ட். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை; மரம் லைனில் சாய்ந்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. யுபிஎஸ்ஸை யுஎஸ்பியில் செருகி நட் என்ற புரோகிராமைப் போட்டால், யுபிஎஸ்சி கமாண்ட் (பரீட்சை அல்ல) பேட்டரி நிலையைச் சொல்லும், ஸாபிக்ஸ் அதை வாங்கிக்கொள்ளும். மிச்ச நேரம் செகண்டில் வரும்: 10 நிமிடத்துக்கு 600 என்று எழுத வேண்டும், 10 என்று எழுதினால் மெசேஜும் சர்வரும் ஒன்றாகப் போகும். பழைய பேட்டரி 20 நிமிடம் என்று காட்டிக்கொண்டே பொசுக்கென்று சாயும். அதனால் பேட்டரியில் ஓட ஆரம்பித்து 2 நிமிடம் ஆனதும் முதல் மெசேஜ் வரட்டும். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் வரும் சின்ன இடைவெளிக்கெல்லாம் வேண்டாம். மோடத்தையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள், மெசேஜ் வெளியே போக வழி வேண்டாமா?

கரண்ட் போனால் சர்வர் ஓடும், ஏசி ஓடாது. சர்வருக்குள் போகும் காற்று 30 டிகிரி ஆனால் எச்சரிக்கை, 35-இல் ஷட்டவுன் என்று வையுங்கள்.

ஓணம் வாரத்தில் மார்த்தாண்டம் துணிக்கடை பில்லிங் எப்படி ஏறும் என்பது ஆடி மாதக் கிராஃபில் தெரியாது. தன் பழைய கணக்கை வைத்து ஸாபிக்ஸே எல்லை போடும் பேஸ்லைன் ஃபங்ஷன்களை அதனால் சின்னக் கடைக்குச் சொல்ல மாட்டோம்.

குறை என்றால் மெனு. ஒரு எண்ணை மாற்ற எங்கே போவது என்பதிலேயே முதல் வாரம் போகும். நெட்வொர்க் சுவிட்ச் விழுந்தால் பின்னால் இருக்கும் எல்லா சர்வருக்கும் மெசேஜ் வராமலிருக்க டிபென்டன்சியை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும், அலுப்பான வேலை. ஸாபிக்ஸ் மெஷினும் அதே அறையில் இருந்தால், அது செத்ததைச் சொல்ல வெளியே ஓர் ஆள் வேண்டும். கிளவுடில் ஒரு அப்டைம் கூமா (வெப்சைட்டோ சர்வரோ உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன புரோகிராம்) போதும். ஒரே ஒரு வெப்சைட் மட்டும் இருப்பவருக்கு அந்தக் கூமாவே போதும், ஸாபிக்ஸ் வேண்டாம்.