செம்மண் ஊர்ல சைக்கிள் செயினுக்கு எந்த எண்ணெய்? வேஸ்ட் ஆயிலா, தேங்காய் எண்ணெய்யா, மிஷின் ஆயிலா

எங்க ஐயா வச்சிருந்த ஹெர்குலிஸ் இன்னும் எங்க வீட்டு முகப்புல நிக்குது, நாந்தான் ஓட்டுறேன். அந்த சைக்கிளைப் பண்ணுன டிஐ சைக்கிள்ஸை 1949ல ஆரம்பிச்ச முருகப்பா குடும்பத்துக்கு பூர்வீகம் எங்க பக்கத்துல, காரைக்குடிகிட்ட இருக்குற பள்ளத்தூர்தான், அதனால அதும்மேல எனக்கு ஒரு தனிப் பாசம். ஆனா பாசம் மட்டும் போதாது, நம்ம ஊரு செம்மண்ணுக்கு ஒரு வாரம் துடைக்காம விட்டா செயின் செவந்து போயி கரகரன்னு சத்தம் குடுக்க ஆரம்பிச்சிரும்.

இங்க பாதிப்பேரு போடுறது வேஸ்ட் ஆயில்தான். பைக் மெக்கானிக்கிட்ட கேட்டா சும்மாவே ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுத்துருவாக, கெட்டியா கருப்பா இருக்கும், போட்ட அன்னைக்கு சைக்கிள் வழுக்கிக்கிட்டு போகும், அதுல ஏமாந்துதான் நானும் ரொம்ப நாள் அதையே போட்டேன். விஷயம் என்னன்னா செயின்ல எண்ணெய் வேலை செய்யிற இடம் வெளிய இல்ல, கண்ணிக்குள்ள இருக்குற பின்னுக்கும் அது மேல சுத்துற ரோலருக்கும் நடுவுல. கெட்டி எண்ணெய் அதுக்குள்ள லேசுல இறங்காது, வெளியவே அப்பிக்கிட்டு நிக்கும், அது மேல செம்மண் புழுதி ஒட்டுனா ரெண்டும் சேர்ந்து உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி செயினையும் பல்சக்கரத்தையும் அராவி எடுத்துரும். பழைய இன்ஜின் ஆயில்ல ஏற்கனவே இரும்புத்தூளும் கரியும் வேற கிடக்கு. ஓசியில கிடைச்சாலும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

தேங்காய் எண்ணெய் அவசரத்துக்கு ஓகே, ஆனா 24 டிகிரிக்கு கீழ போனாலே அது உறைஞ்சிரும், மார்கழி காலைல எடுத்துப் பாருங்க, செயின் வெள்ளை வெள்ளையா இருக்கும். நல்லெண்ணெய் அதைவிட மோசம். பணியாரச் சட்டி வெளிப்பக்கம் சுரண்ட சுரண்ட வராத பிசுக்கு ஒண்ணு படியும்ல, அதேதான் கண்ணிக்குள்ளயும் படியும்.

டபிள்யூடி-40 ஸ்ப்ரேயை நிறையப் பேரு செயின் ஆயில்னு நினைச்சு அடிக்கிறாங்க. தண்ணியை விரட்டுறதுக்குன்னு 40வது முயற்சியில வந்த கலவைங்கிறதாலதான் அந்தப் பேரே. துருப்பிடிச்ச நட்டைக் கழட்ட, நனைஞ்ச செயின்ல தண்ணியை வெளியேத்த அருமையான சாமான், ஆனா அதுல பெரும்பகுதி ஆவியாப் போயிரும், அடிச்சுத் துடைச்சிட்டு மேல எண்ணெய் போட்டே ஆகணும்.

எனக்கு சரிப்பட்டு வந்தது தையல் மிஷின் ஆயில்தான். தண்ணி மாதிரி இருக்கும், நேரா உள்ள இறங்கிரும். பெடலைப் பின்னாடி சுத்திக்கிட்டே ஒவ்வொரு ரோலருக்கும் ஒரே ஒரு சொட்டு, நூறு கண்ணிக்கு மேல இருக்கும், பொறுமை வேணும், பத்து நிமிஷம் கழிச்சு பழைய வேட்டித் துணியால வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைச்சிரணும். இந்தத் துடைக்கிற வேலையை விட்டா எந்த எண்ணெய் போட்டும் பிரயோஜனம் இல்ல. குறைன்னு பாத்தா சீக்கிரம் காஞ்சிரும், வாரம் ஒருதரம் போடணும், மழையில ஒரு நாள் நனைஞ்சா அன்னைக்கே திரும்பப் போடணும். கியர் சைக்கிள் வச்சிருக்கவங்க கடையில செயினுக்குன்னே விக்கிற எண்ணெய், செயின் லூப்ரிகன்ட், வாங்கிக்கலாம், வெயில் காலத்துக்கு டிரை, ஐப்பசி கார்த்திகைக்கு வெட். காசு கூடத்தான், ஆனா நல்லா இருக்கு.

அழுக்கு எடுக்க மண்ணெண்ணெய்யை மிஞ்ச எதுவும் இல்ல, இப்ப கிடைக்கிறதுதான் கஷ்டம், நான் டீசலுக்கு மாறிட்டேன். பழைய டூத் பிரஷ்ல தொட்டுத் தேய்ச்சா போதும், துணியில நல்லா துடைச்சு காயவிட்டு அப்புறம் எண்ணெய். பெட்ரோல் தொடவே தொடாதீங்க, அதோட ஆவியே தீப்பிடிக்கும். ஃபிரேமுக்கு ஒரு ஷாம்பு பாக்கெட் போதும், தண்ணியை சொம்புல மோந்து ஊத்துங்க. சர்வீஸ் ஸ்டேஷன் பைப்புல வேகமா அடிச்சா சக்கரத்து நடுவுல இருக்குற ஹப்புக்குள்ள தண்ணி போயி கிரீஸை வெளிய தள்ளிரும்.

சைக்கிளை மொத்தமா பிரிச்சு மாட்டுற ஓவர்ஹாலுக்கு மட்டும் கடைதான் என் கட்சி. ஹப்புக்குள்ள இருக்குற இரும்பு உருண்டைங்களை, அதான் பால்ஸ், கழுவி கிரீஸ் வச்சு, அதைப் பிடிச்சு நிக்கிற கோனை சரியான இறுக்கத்துல நிறுத்துறது கைப்பழக்கம், வருஷம் ஒருதரம் மழை முடிஞ்சு தை மாசம் குடுத்துருவேன். ஆனா செயின் தேய்ஞ்சிருக்கான்னு வீட்லயே ஸ்கேல் வச்சுப் பாத்துட்டுப் போங்க. ஒரு பின்ல இருந்து எண்ணி 24 கண்ணி தள்ளி இருக்குற பின் வரைக்கும் புது செயின்ல சரியா 12 இஞ்ச் இருக்கும். 1/16 இஞ்ச் கூடியிருந்தா செயினை மாத்தணும், 1/8 தாண்டியிருச்சுன்னா முன்னாடி பல்சக்கரமும் பின் சக்கரத்து ஃப்ரீவீலும் சேர்த்து தேய்ஞ்சிருக்கும், புது செயின் மட்டும் போட்டா பல்லுல வழுக்கும்.

இன்னொண்ணு, இந்த வேலையை வளவுல, அதான் வீட்டு நடு முத்தத்துல, வச்சுப் பண்ணாதீங்க. தரையில பதிச்சிருக்குற ஆத்தங்குடிக் கல்லு கருப்பு எண்ணெய்யைக் குடிச்சிருச்சுன்னா அந்தக் கறை லேசுல போகாது. கொல்லையில ஒரு கோணியை விரிச்சுக்கங்க, ரிம்முலயும் பிரேக் கட்டையிலயும் சொட்டு விழாம ஒரு துணியைச் சுத்திக்கங்க.