அனுமதி அறிக்கையா, அலையாத்தி நடவா?

கடல் உயிரியல் முடித்துவிட்டுப் பழவேற்காடு ஏரிப் பக்கம் ஆலோசகர் வேலைக்கு வந்தால் வழி இரண்டு.

ஒன்று, அனுமதி வேலை: கட்டுமானத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் அறிக்கை எழுதுவது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். அலையாத்திக் காடு (சேற்றில் வளரும் கடலோர மரங்கள்) 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதை ஒட்டி 50 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி என்ற ஒற்றை வரிக்காக நாள் முழுக்க வரைபடத்தோடு மல்லுக்கட்டுவோம். சம்பளம் தேதி தவறாது. ஆனால் நமக்குக் காசு கொடுப்பவரே அனுமதி கேட்கும் திட்டக்காரர்தான். அது எனக்கு உறுத்தும்.

இன்னொன்று, வாழிட மீட்பு: அழிந்த அலையாத்திக் காட்டைத் திரும்ப வளர்ப்பது. நாற்று நட்டுப் படம் எடுப்பது என்று நினைத்துத்தான் நானும் போனேன். முதல் நாளே படகோட்டி அண்ணன் சொன்னார்: "தம்பி, மொதல்ல தண்ணி வந்து போக வழி பண்ணுங்க, செடி தானா வரும்." உண்மைதான். ஓதநீர் (கடல் ஏற்றத்தில் வரும் தண்ணீர்) ஏறாத மேட்டில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், உப்பைத் தாங்கும் அலையாத்தி மரமான வெண்கண்டல்கூடக் கருகிவிடும். அதனால் தண்ணீர் வந்துபோக மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி, அப்புறம்தான் நடவு. முழங்கால் சேறு, திட்டம் முடிந்தால் வருமானமும் நின்றுவிடும்.

ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். அனுமதி வேலையில் அந்த எல்லைக்கோடு இரண்டு மாநிலக் கோப்புகள். சேற்றில் நிற்பவனுக்கு ஒரே தண்ணீர்.

என் ஓட்டு சேற்றுக்கே. வீட்டுக்கடன் இருப்பவர்கள் முதலில் ஐந்து வருடம் அறிக்கை எழுதட்டும்.