தருமபுரியில் ஓர் ஓவிய வகுப்பு: தினமும் ஒரு தாள் வரைய வைக்கும் பாடம்

ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர் தருமபுரியில் தம் வீட்டு மாடியில் சனிக்கிழமை மாலைகளில் நடத்திவரும் வகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. அவர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரையும் தெருவையும் இங்கே தரவில்லை. ஓவியம் கற்பிப்பதாகச் சொல்லும் பல இடங்களில் கைப்பேசிப் படத்தின் மேல் கட்டம் போட்டு, அதைப் பெரிதாக்கி, வண்ணம் தீட்டிச் சட்டமிட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இங்கே அது நடப்பதில்லை. கண்முன் இருக்கும் பொருளைப் பார்த்துத் தாமாக வரையும் திறனை வளர்க்க விரும்புகிறவர்களுக்கு, நான் அறிந்தவரை இந்த வட்டாரத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் வகுப்பு என்றாலும், உண்மையான பாடம் மற்ற ஆறு நாட்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கம், நேரில் கண்ட பொருளையோ ஆளையோ பார்த்து, ரப்பரைத் தொடாமல் வரைய வேண்டும். தாளின் மூலையில் தேதி போட வேண்டும். சனிக்கிழமை வந்ததும் அந்த வாரத் தாள்களைத் தேதி வரிசையில் தரையில் பரப்பச் சொல்வார் மாஸ்டர். ஒரே ஒரு படத்தைப் பார்த்து அவர் கருத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. நம் கோடுகள் எங்கே தயங்குகின்றன, எந்தப் பக்கம் எப்போதும் சரிகிறது, எதை வரையாமல் தவிர்த்துக்கொண்டே வருகிறோம் என்பதெல்லாம் ஆறு தாள்களையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்கே தெரிந்துவிடுகிறது. கைகளை வரையச் சிரமப்பட்டு, எல்லாரையும் கையைப் பின்னால் கட்டியபடியே வரைந்திருந்த கல்லூரி மாணவி ஒருவரிடம், "அடுத்த வாரம் முழுக்கக் கை மட்டும் வரைந்து வாம்மா" என்றார். அந்த மாணவியின் அடுத்த வாரத் தாள்களில், கடைசி இரண்டில் விரல் மூட்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

ரப்பரை விலக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தவறான கோடு தாளில் நின்றால், அடுத்த கோட்டை எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்பதை அதை வைத்தே அளந்துவிடலாம். அழித்துவிட்டால் அதே தவறு மீண்டும் அதே இடத்தில் வந்து நிற்கும். முதல் மாதம் முழுவதும் செம்பு, குடம், டம்ளர் போன்ற உருண்டைப் பாத்திரங்கள்தான். செம்பின் வாய் நம் கண் மட்டத்துக்கு அருகில் இருக்கும்போது அதன் நீள்வட்டம் ஒடுங்கித் தெரியும். அடிப்பாகம் இன்னும் தாழ்ந்து இருப்பதால் அதன் வளைவு கூடுதலாக விரிந்து தெரியும். புதிதாக வருகிறவர்கள் அநேகமாக எல்லாருமே வாயை அகலமாகவும் அடியைத் தட்டையான கோடாகவும் வரைகிறார்கள், ஏனெனில் செம்பு தட்டையாக உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரையாமல் தெரிவதை வரையப் பழகுவதற்கு இந்த ஒரு மாதம் தேவைதான் என்பது என் உறுதியான கருத்து. முழங்கையை மடக்காமல் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடும் முறையையும் இப்போதே கற்றுத் தருகிறார்.

பொருட்களுக்குப் பெரிய செலவில்லை. 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள், பரீட்சை அட்டை, எச்பி, 2பி, 6பி என வரிசையாகக் கருமையும் மென்மையும் கூடும் பென்சில்கள் போதும். எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும் அப்சராவோ கேம்லினோ இதற்குத் தாராளமாகப் போதும். விலை உயர்ந்த ஸ்கெட்ச் புத்தகத்தை அவர் முதலில் அனுமதிப்பதில்லை. நல்ல தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கை இறுகிவிடுகிறது என்கிறார். அதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

அவ்வப்போது வெளியிடங்களுக்கும் அழைத்துச் செல்கிறார். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களை வரைந்தது எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம். ஆயுதம் ஏந்திய வீரனின் உருவம் குறைந்த புடைப்பாகவே செதுக்கப்பட்டிருப்பதால், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் தோளும் தொடையும் எங்கே எழும்புகின்றன என்பது புலப்படுகிறது. மெல்லிய நிழலைக் கோடுகளாலேயே காட்டும் பயிற்சிக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. கல் அசையாது, பொறுமையாகப் பார்க்கலாம். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையோ இதற்கு நேர் எதிரானது. அங்கே ஆடு நிற்காது, விலை பேசுகிறவரும் நிற்கமாட்டார். அரை நிமிடத்தில் முதுகின் வளைவையும் எடை ஊன்றிய காலையும் மட்டும் பிடித்துவிட்டு அடுத்த உருவத்துக்குப் போக வேண்டும். ஆட்டின் கால்களை வரைவதற்குப் பதில், கால்களுக்கு இடையே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை வரையச் சொன்னார். கால்கள் தாமாகவே சரியாக அமைந்தன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மாடி அறையில் இருபுறமும் டியூப்லைட் எரிவதால், பாத்திரங்களின் நிழல்கள் ஒன்றையொன்று கலைத்துவிடுகின்றன. ஒரு பக்கம் அணைத்துவிட்டு நடத்தினால் ஒளிநிழல் பாடம் இப்போதைவிடப் பல மடங்கு தெளிவாகும். சிறுவர்களும் பெரியவர்களும் ஒரே அறையில் அமர்வதால், தாள்களைப் பார்க்கும் நேரம் பெரியவர்களுக்குக் குறைந்துவிடுகிறது. வண்ணம் அறவே கிடையாது என்பதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது; வாட்டர்கலர் எதிர்பார்த்து வந்த சிலர் இரண்டாவது மாதத்தில் நின்றுவிட்டார்கள்.

அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கான லோயர், ஹையர் கிரேடு எழுத விரும்புகிறவர்களுக்கு இந்த வகுப்பு அடித்தளமாக மட்டுமே உதவும். அந்தத் தேர்வுக்கே உரிய நேரக்கணக்கும் பழைய வினாத்தாள் பயிற்சியும் இங்கே இல்லாததால், கடைசி சில மாதங்களுக்கு வேறிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் விடுமுறைக் குழந்தைகளால் அறை நிறைந்துவிடுகிறது. பெரியவர்கள் ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகு சேர்வதே நல்லது. சேரும் நாளன்று வெறுங்கையோடு போகாமல், வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பாத்திரத்தைப் பார்த்து வரைந்த சில தாள்களைக் கொண்டுபோனால், அன்றைக்கே அவற்றைப் பரப்பி வைத்துப் பேசத் தொடங்கிவிடுவார்.