ஐ3 சாளர மேலாளரும் என் விசைப்பலகையும்: நான்காண்டு அனுபவம்

கருங்கலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் சென்ற வாரம் மார்த்தாண்டத்தில் உள்ள என் கடைக்கு வந்திருந்தார். நான் மவுஸைத் தொடாமலே ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் இதப் போட்டுத் தருவியாடே?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவருக்காக யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் கேட்டது ஐ3: லினக்ஸ் கணினியில் சாளரங்களைத் திரையில் பக்கம் பக்கமாக அடுக்கி, விசைப்பலகையாலேயே இயக்கவிடும் நிரல். அதை நிறுவுவது எப்படி, டைலிங் எனப்படும் அந்த அடுக்குமுறையின் விவரம் என்ன என்பனவற்றை விட்டுவிடுகிறேன்.

என் தொழிலைச் சொல்லாமல் இந்த அனுபவம் புரியாது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்து நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருப்பதால், பாகப்பிரிவினை என்றோ வழக்கு என்றோ வரும்போது விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் குடும்பங்கள் அவற்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகின்றன. நான் மலையாள மூலத்தை ஒருமுறை தட்டச்சு செய்து, தமிழில் ஒருமுறை எழுதி, இடையிடையே ஆங்கிலமும் சேர்ப்பேன். ஆக எனக்கு மூன்று எழுத்துகள் வேண்டும். இருப்பதோ ஒரே விசைப்பலகை.

இந்த வேலைக்கு ஐ3 எவ்வளவு பொருந்துகிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். இடப்பக்கம் ஸ்கேன் செய்த பத்திரம், வலப்பக்கம் லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்று இரண்டும் திரையைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். எதையும் இழுத்து நகர்த்தி அளவு பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பணியிடம் (தனித் திரை போன்றது) ஒதுக்கி, ஐ3-இன் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பில் அதற்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். கீழ்ப்பட்டையில் 'தோப்பு வழக்கு' என்ற பெயர் கொம்பும் புள்ளியும் சிதையாமல் தெரிந்த அன்று, வாடிக்கையாளரையே கூப்பிட்டுக் காட்டினேன். 2023 ஜனவரியில் வந்த 4.22 பதிப்பில் சாளரங்களுக்கு நடுவே இடைவெளி விடும் வசதியைச் சேர்த்தார்கள். பதினைந்து அங்குலத் திரையில் வேலை செய்பவனுக்கு அது எதற்கு என்று இன்றுவரை விளங்கவில்லை.

தொல்லை விசைப்பலகையில் தொடங்கியது. மொழி மாற்ற நானே ஒரு சிறு ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) எழுதி, அதை சூப்பர் விசையோடு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) டி என்ற எழுத்தில் கட்டியிருந்தேன். அது ஆங்கில விசையமைப்பை அகற்றிவிட்டுத் இன்ஸ்கிரிப்ட் என்ற தமிழ் விசையமைப்பை மட்டும் ஏற்றும். ஏற்றியது, ஆனால் அதன்பின் விசைப்பலகையில் டி என்ற எழுத்தே இல்லாததால், ஆங்கிலத்துக்குத் திரும்பும் அதே குறுக்குவிசை செத்துப்போயிற்று. எண்களும் என்டரும் மட்டும் உயிரோடு இருந்தன. என்டரை வைத்து, கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்தால், கட்டளையின் ஒவ்வொரு எழுத்தும் தமிழில் விழுகிறது. ஐ3-ஐ விட்டு வெளியேறும் குறுக்குவிசையும் ஆங்கில எழுத்தில் இருந்ததால் அதுவும் போயிற்று. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்தவனின் நிலைதான். கடைசியில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் அழுத்தி எழுத்துத்திரைக்குப் போய், அங்கிருந்தபடி வரைகலைத் திரையின் விசையமைப்பை மாற்றி மீண்டேன்.

குற்றம் என் ஸ்கிரிப்டினுடையது என்பதை மறைக்கவில்லை. ஐ3 குறுக்குவிசைகளை முதல் விசையமைப்பைக் கொண்டு பொருள்கொள்கிறது. அதன்பின் அவை எல்லா விசையமைப்புகளிலும் செல்லும். எனவே மூன்றையும் ஒன்றாக ஏற்றி, ஆங்கிலத்தை முதலிலும் தமிழையும் மலையாளத்தையும் அதற்குப் பின்னாலும் வைத்தால் சிக்கல் இல்லை. தமிழில்தான் பெரும்பகுதி எழுதுகிறேன் என்பதால் தமிழை முதலில் வைத்துப் பார்த்தேன். எழுத்துக் குறுக்குவிசைகள் அத்தனையும் மறுபடி படுத்துக்கொண்டன. அடிக்கடி மொழி மாற்றுகிறவர்கள் எழுத்துக்குப் பதில் விசையின் எண்ணைப் பயன்படுத்தலாம் என்று கையேடு நேர்மையாகவே சொல்கிறது. அப்படி எழுதிய கோப்பில் 40 என்பது டி, 44 என்பது ஜே. வெறும் சர்வே எண்ணைப் பார்த்து யாருடைய வயல் என்று சொல்லும் கிராம நிர்வாக அலுவலர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் அப்படிப்பட்டவன் அல்லன். ஆங்கிலம் முதலில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆறவில்லை.

தீராத எரிச்சல் வேறொன்று. இப்போது எந்த மொழியில் இருக்கிறேன் என்பது தெரிவதில்லை. கீழ்ப்பட்டைக்குத் தகவல் தரும் ஐ3ஸ்டேட்டஸ் மின்கலம், நேரம், வட்டின் இடம் எல்லாம் சொல்லும். விசையமைப்பைச் சொல்வதற்கு அதில் ஏற்பாடு இல்லை. மாற்றாக, ஸ்க்ரோல் லாக் விளக்கை எரியவைக்கும் தெரிவை இயக்கினேன். ஆங்கிலத்தில் விளக்கு அணைந்திருக்கும், மற்றவற்றில் எரியும். அதாவது தமிழுக்கும் மலையாளத்துக்கும் ஒரே விளக்கு. பத்திரத்தின் எல்லை விவரத்தை அரை வரி தட்டிவிட்டு நிமிர்ந்தால், 'கிழக்கு' மலையாள எழுத்தில் நிற்கும். ஒரு நாளில் எத்தனை அரை வரிகளை அழித்திருப்பேன் என்று எண்ணத் தொடங்கி, ஆத்திரம் வந்ததால் நிறுத்திக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் மின்சாரம் போய் வந்தால் இன்னொரு கூத்து. மடிக்கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; யூஎஸ்பி ஹப் வழியே இணைத்த விசைப்பலகை மட்டும் அணைந்து மீண்டும் உயிர்பெறும்போது, புதிதாகச் செருகியதைப்போல வெறும் ஆங்கிலத்தோடு வந்து நிற்கும். இதற்கு ஐ3-ஐ மூன்று மாதம் திட்டினேன். பழி, ஐ3-க்கு அடியில் திரையையும் விசைப்பலகையையும் கவனிக்கும் எக்ஸ் சேவையகத்தைச் சேர்ந்தது. விசையமைப்பை என் லினக்ஸான டெபியனின் விசைப்பலகைக் கோப்பிலேயே எழுதிய பிறகு அடங்கிவிட்டது. திட்டியதைத் திரும்பப் பெறுகிறேன், அந்த ஒன்றை மட்டும்.

நண்பருக்கு மலையாளம் வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் போதும். ஆகவே ஒரே விளக்கு அவருக்குத் தாராளமாகப் போதும். நான் பட்ட பாடுகளில் பாதி அவரை அண்டவே அண்டாது. கணக்குப் பார்த்தால் அவருக்கு இது என்னைவிடப் பொருத்தமானது. இருந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கடையில் ஏதாவது படுத்துக்கொண்டால் இரவு ஒன்பது மணிக்கு என் கைபேசிதான் அடிக்கும். என் கணினியிலிருந்து இதை எடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அடுத்த முறை அவர் வரும்போது மவுஸைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வதுபோல் காட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.