பிளாஸ்ரிக் மழைமானி: வன்னிச் செய்தியாளருக்கு உதவுமா?

மாரிச் செய்தியில் ‘அடைமழை’ என்று எழுதி விட்டுவிடாமல் எண்ணோடு எழுத, புனல் வைத்த சாதாரண பிளாஸ்ரிக் மழைமானி போதும். 1 மில்லிமீற்றர் மழை என்றால் சதுர மீற்றருக்கு 1 லீற்றர். 100 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு ஏக்கர் வயலில் சுமார் 4 இலட்சம் லீற்றர்!

பிழை விடுவது பொருத்துவதில்தான். கூரையோரம் வைத்தால் தாழ்வாரத் தண்ணீரும் சேரும். மரத்தின் உயரத்தைப்போல இரு மடங்கு தள்ளி, வாய் மட்டமாக இருக்க நடுங்கள். காலை 8.30க்கு, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, நீரின் மேற்பரப்பு வளைவின் அடியை வாசியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் 24 மணிநேரக் கணக்கும் அந்நேரத்துக்குத்தான்.

அச்சடித்த கோடு வெயிலில் மங்கும், பொறித்த கோடுள்ளதை வாங்குங்கள். புனலில் வேப்பிலை அடைத்தால் குறைத்துக் காட்டும். சின்னக் குழாய் இரவில் நிரம்பி வழிந்தால் அன்றைய கணக்குப் போச்சு.

ஆனால் முற்றத்து அளவை வைத்து கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவைப் (மேலதிக நீரை வெளியேற்றும் கதவு) பற்றி எழுதாதீர்கள். அங்கே தண்ணீர் கனகராயன் ஆற்றால், தெற்கே வவுனியாப் பக்கமிருந்து வருகிறது. கிளிநொச்சியில் வெயில் எறிக்கையிலேயே குளத்துக்குக் கீழே உள்ள கண்டாவளைக்கு வெள்ளம் வரலாம். அதற்குக் குளத்தின் நீர்மட்டத்தைக் கேளுங்கள், இல்லாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.